கார் கூரைமேல் சிவப்பு டம்ளர்

ட்வைலா கெஸ்லர் தன் பழைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள் என்றால், ஆசைப்பட்டு அந்த இடத்தைப் பிடித்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேறு போக்கிடம் இல்லை.

வீட்டில் இன்டர்நெட் உண்டு. உண்டு என்று சொல்லித்தான் கம்பெனிக்காரன் இணைப்புக் கொடுத்தான். வீடு சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது; காற்று பலமாக அடித்தால் இணைப்பு போய்விடும், ஒஹையோவில் அக்டோபர் மாதம் காற்று பலமாகத்தான் அடிக்கும். அது போதாதென்று, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் அவள் புருஷன் வெர்னுடைய குறட்டையை 'அறையில் இன்னொரு நபரின் குரல்' என்று மென்பொருள் ஒருமுறை குறித்துவைத்துவிட்டது. நூலகத்துக்குப் போனால் பின்னால் நாலு பேர் நடமாடுவார்கள். கேமராவில் யாருடைய முதுகு தெரிந்தாலும் குற்றம். கல்லூரியிலேயே முன்பு ஒரு பரீட்சைக்கூடம் இருந்தது. அதை இடித்துப் 'புத்தாக்க மையம்' கட்டினார்கள். அதற்குள் என்ன புத்தாக்கம் நடக்கிறது என்று கட்டியவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை. கண்ணாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தால் கலர் கலராக மெத்தை உருண்டைகள் கிடக்கும். அவ்வளவுதான்.

ஹார்லன் ஃபோர்க்ஸ் சமுதாயக் கல்லூரியில் எல்லாமே இப்போது கலப்பு வகுப்பு. வாரத்தில் ஒருநாள் நேரில் வந்து உட்கார வேண்டும். மற்ற நாட்களில் பாடமும் பரீட்சையும் திரையில். "வகுப்பறையில் உள்ள நல்லதையும் வலையில் உள்ள நல்லதையும் எடுத்து ஒரே மாலையாகக் கோத்திருக்கிறோம்" என்பது டீன் டாக்டர் ராண்டல் ப்ரூயிட் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பேசும் வசனம். டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. உயர்கல்வி நிர்வாகத்தில் பட்டம் வாங்கியவர். அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் பெயரை அவர் ஒருபோதும் தனியாக வெளியே அனுப்புவதில்லை.

"ரெண்டு பக்கமும் இருக்கிற தொல்லையப் பொறுக்கி எடுத்துக் கோத்துட்டானுங்க" என்பான் லைல் ஸ்டப்ஸ். இருபது வருடம் லாரி ஓட்டி முதுகைத் தேய்த்துவிட்டு, ஐம்பது வயதில் சுவாச சிகிச்சை படிக்க வந்தவன். 'சி' வாகன நிறுத்தத்தில் ட்வைலாவின் காருக்குப் பக்கத்தில் நிற்பது அவனுடைய உயரமான பிக்கப் வண்டி.

'சி' நிறுத்தத்துக்கு ஒரு மகிமை உண்டு. ஊரடங்குக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அங்கே இருந்த விளக்குக் கம்பத்தில் வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போனான். கழற்ற மறந்துவிட்டார்கள். கம்பத்துக்குக் கீழே ஒரே ஒரு வரிசைக்குத்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். கார் என்பது நாலு கதவும் சாத்திய, ஓர் ஆள் மட்டும் இருக்கக்கூடிய அறை. மென்பொருள் கேட்பதும் அதைத்தான். ஆகவே பரீட்சை வாரத்தில் அந்த வரிசை முழுக்கக் கார்கள் நிற்கும், காருக்கு ஒரு முகம், எல்லா முகமும் மடியைப் பார்த்தபடி.

மென்பொருளுக்குக் கம்பெனி வைத்த பெயர் என்னவோ இருந்தது. மாணவர்கள் அதை மாமியார் என்றார்கள். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் குறித்துக்கொள்ளும், வாயைத் திறந்தால் குறித்துக்கொள்ளும், நல்லபடியாக உட்கார்ந்திருந்தால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாது. ரொம்பவும் சந்தேகம் வந்தால் பரீட்சையையே நடுவில் பூட்டிவிடும்.

இந்த மாமியாரோடு குடித்தனம் நடத்த மாணவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். பரீட்சை தொடங்குமுன் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளரைக் காரின் கூரைமேல் வைத்துவிடுவது. விருந்துகளில் பீர் ஊற்றிக் கொடுப்பார்களே, அதே டம்ளர். டம்ளர் இருந்தால் உள்ளே பரீட்சை நடக்கிறது. தட்டாதே, கூப்பிடாதே, ஹாரன் அடிக்காதே, எட்டிக்கூடப் பார்க்காதே. காற்றில் பறக்காமலிருக்க உள்ளே நாலு கூழாங்கல் போட வேண்டும். குப்பை அள்ளும் லாரிக்காரன்கூட டம்ளரைக் கண்டால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப மாட்டான். இது நிறுத்தத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். நிறுத்தத்துக்கு வராதவர்களுக்குத் தெரியாது.

அன்று காலை ட்வைலா வந்து சேர்ந்தபோது நிறுத்தத்தின் ஒரு மூலையில் வெள்ளைக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் டோனட் பெட்டிகள், ஆப்பிள் சாறு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே நீல ரிப்பன். பக்கத்து வண்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்ப்பா லைல், என்ன இது? யாருக்காச்சும் கல்யாணமா?"

லைல் தன் வண்டி ஜன்னலை இறக்கினான். "கல்யாணம் இல்லம்மா, திறப்பு விழா. இந்த நிறுத்தத்தத் திறக்கிறாங்களாம். 'வெளிப்புறக் கற்றல் முற்றம்'னு பேரு."

"இது திறந்துதானேப்பா கெடக்கு!"

"நாம இங்க படிக்கிறத டீன் இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காரு. கண்டுபிடிச்சவங்க கொடி நடணும்ல?"

ட்வைலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று உடற்கூறியல் நடுப்பருவத் தேர்வு. பாத்திரம் கழுவும் இயந்திரம் செய்யும் ஆலையில் மூடும்வரை வேலை பார்த்தவள். இப்போது முதியோர் இல்லத்தில் உதவியாள். படுக்கை விரிப்பை மாற்றுகிற வேலையிலிருந்து நர்ஸ் வேலைக்கு ஏறுவதற்கு இருக்கிற ஒரே படி இந்தப் பாடம். 'பி' வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒழுங்கு மீறல் என்று ஒரு வரி பெயருக்குப் பக்கத்தில் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் நர்சிங் பிரிவின் கதவு அடைபட்டுவிடும். அடுத்த வருடம் வரை அல்ல. என்றைக்குமாக.

"வேற எங்கயாச்சும் போயிடட்டுமா?"

"எங்க போவ? சிக்னல் இங்கதான். மதியத்துக்கு மேல பரீட்சை மூடிடும். டம்ளர வச்சுட்டு உக்காரு. எனக்கும் இன்னைக்கு நுரையீரல். நானும் உள்ள போறேன்."

அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அவனுடைய டம்ளரும் அந்த உயர்ந்த கூரைமேல் ஏறியது. தரையில் நிற்பவர்களுக்கு அது கண்ணில் படாது.

ட்வைலா கூழாங்கற்களைப் போட்டு டம்ளரை வைத்தாள். பின்சீட்டில் ஐஸ்பெட்டிமேல் லேப்டாப்பை நிறுத்தினாள். மாமியார் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது, காட்டினாள். சீட்டுக்கடியில் காட்டச் சொன்னது, காட்டினாள். வெர்னின் ஒற்றைச் சாக்ஸ் ஒன்று தென்பட்டது. அதை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டது. மூச்சு முட்டாமலிருக்க ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவைத்துக்கொண்டு தொடங்கினாள்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. எலும்பு, தசை, தோல். வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. "மாணவர் எங்கோ, கல்லூரி அங்கே!" என்று ஒரு குரல் முழங்கியது. கைதட்டல். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. கைதட்டல் தொலைவில்தான் இருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். மாமியாரும் அப்படித்தான் நினைத்தது போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஷூக்களின் சத்தம். பல ஷூக்கள். கிட்டே, இன்னும் கிட்டே.

டாக்டர் ப்ரூயிட் கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரிப்பன் வெட்டிய கையோடு, புகைப்படக்காரனும் அறங்காவலர்கள் இருவரும் பின்தொடர, கற்றல் முற்றத்தில் கற்றல் நடக்கிறதா என்று பார்க்க வந்தார். வந்தவர் கண்ணில் பட்டது ஒரு காரின் கூரையும் அதன்மேல் ஒரு டம்ளரும். இந்த ஊரில் யாருக்கும் தோன்றக்கூடியதுதான் அவருக்கும் தோன்றியது: பாவம், காருக்குள் ஏறும் அவசரத்தில் குடித்துக்கொண்டிருந்ததைக் கூரைமேல் வைத்து மறந்துவிட்டாள். கிளம்பினால் கொட்டிவிடும். இதை எடுத்துக் கொடுத்தால் உதவியும் ஆயிற்று, படமும் ஆயிற்று.

டம்ளரை எடுத்தார். கற்கள் கடகடவென்று ஆடின. அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் தட்டினார்.

ட்வைலா திரும்பவில்லை. திரும்பினால் குற்றம்.

ஜன்னல் இடுக்கு வழியாகக் குரல் உள்ளே வந்தது. "வணக்கம்! நான் டாக்டர் ராண்டல் ப்ரூயிட், கல்வித்துறை டீன். உங்க டம்ளர மேலயே மறந்துட்டீங்க!"

அவள் வாயை இறுக்கி மூடினாள். பதில் சொன்னால் குற்றம். உதட்டில் விரல் வைத்தால் அது சைகை, அதுவும் குற்றம். தோள்களை மட்டும் மேலே ஏற்றிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். கண் எரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் டீன், அறங்காவலர்கள் பக்கம் திரும்பி. "உலகத்தையே மறந்து படிக்கிறாங்க! இதத்தான் நான் சொல்லிட்டே இருக்கேன்." மறுபடியும் ஜன்னலில் குனிந்தார். "என்ன படிக்கிறீங்கம்மா? கொஞ்சம் சொல்லுங்களேன்!"

திரை சாம்பல் நிறமாயிற்று. 'விதிமீறல் கண்டறியப்பட்டது. தேர்வு நிறுத்தப்பட்டது.'

அப்போதுதான் ட்வைலா வாயைத் திறந்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். புகைப்படக்காரன் அந்த நொடியைத்தான் பிடித்தான்.

எல்லோரும் போன பிறகு லைல் தன் பரீட்சையை முடித்துவிட்டு ஓடி வந்தான். அவள் முன்சீட்டுக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓடவில்லை.

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தாம்மா இருந்தேன். கத்தணும்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. கத்தியிருந்தா நானும் உன்கூட உள்ளதான்."

"உன் மேல என்னப்பா தப்பு."

"டம்ளர் எங்க?"

"கொண்டு போயிட்டாரு. குப்பைத் தொட்டியில போட்டுட்டு, 'சுற்றுப்புறம் சுத்தமா இருக்கணும்'னு வேற சொல்லிட்டுப் போறாரு."

மறுநாள் கல்வி நேர்மைக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. குற்றங்கள் மூன்று. தேர்வறையில் அடையாளம் தெரியாத ஆண் நபர். அந்த நபரோடு தொடர்பு கொண்டது. மூன்றாவதை ட்வைலா இரண்டு தரம் படித்தாள்: தேர்வின்போது மதுபானம் என்று சந்தேகிக்கத்தக்க பொருள். வெள்ளிக்கிழமை குழுவின் முன் ஆஜராக வேண்டும். தலைவர்: டாக்டர் ராண்டல் ப்ரூயிட்.

அவள் உடற்கூறியல் ஆசிரியை கொரீன் மாஸ்டைத் தேடிப் போனாள். மிஸ் மாஸ்ட் மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் எடுப்பவள். அவளுக்கென்று அறை கிடையாது. பிளாஸ்டிக் எலும்புக்கூட்டோடு எல்லாம் அவள் கார் டிக்கியில்தான். டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டே மின்னஞ்சலைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகமும் எலும்புக்கூட்டைப் போல ஆயிற்று.

"ட்வைலா, அந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"டீன்தான் மிஸ்."

மிஸ் மாஸ்ட் சுற்றுமுற்றும் பார்த்தாள். "இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"லைலுக்குத் தெரியும். ஏன் மிஸ், நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"ஒவ்வொரு பருவமும் என் வேலைய நீட்டிச்சுக் கையெழுத்துப் போடுறது அவருதான்." டிக்கியைச் சாத்தினாள். மறுபடியும் திறந்தாள். எதற்குத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் வருவேன். பக்கத்துல உக்காருவேன். ஆனா பேசுறது நீங்கதான் பேசணும்."

"என்னன்னு பேச? குத்தவாளி நீங்கதான்னு நீதிபதியப் பாத்தே சொல்றதா? கோவம் வந்துச்சுன்னா?"

மிஸ் மாஸ்ட் டிக்கியை மறுபடி சாத்தினாள்.

வீட்டில் வெர்ன் வேறு யோசனை சொன்னான். "மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடேன். பெரிய மனுசங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

"செய்யாத தப்புக்கா? மன்னிப்புக் கேட்டா செஞ்சேன்னு ஆயிடும் வெர்ன். அப்புறம் காலம் பூரா படுக்க விரிப்பு மாத்திட்டே இருக்க வேண்டியதுதான்."

"அப்ப சொல்லிடு."

"சொன்னா மட்டும்?"

அவன் தலையைச் சொறிந்தான். கல்யாணமான நாளிலிருந்து சிக்கலான விஷயங்களுக்கு அவனுடைய கடைசிக் கருத்து அதுதான்.

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்தில் வேலையை முடித்துவிட்டு, சீருடையோடே வந்து, நிர்வாகக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் கதவளவு உயரத்துக்குப் புதிதாக ஒரு சுவரொட்டி. காரின் ஜன்னலில் குனிந்து சிவப்பு டம்ளரை நீட்டுகிற டீன். உள்ளே, வாயைப் பிளந்து, கண் பிதுங்க, தானே. கீழே கொட்டை எழுத்தில்: 'மாணவர் எங்கோ, கல்லூரி அங்கே. கற்றலின் வியப்பு!'

பக்கத்தில் வந்து உட்கார்ந்த மிஸ் மாஸ்ட் அதைப் பார்த்தாள், ட்வைலாவைப் பார்த்தாள், தன் ஷூவைப் பார்த்தாள்.

"வியப்பாம்" என்றாள் ட்வைலா.

உள்ளே பெரிய மேசை. தலைப்பக்கத்தில் டீன். ஒரு பக்கம் கணிதப் பேராசிரியை திருமதி ஆல்த்தியா கிரம். ஓய்வுக்கு இன்னும் ஒரே பருவம் பாக்கி, மடியில் கம்பளி நூலும் ஊசியும். மறு பக்கம் கணினிப் பிரிவு கோல்பி. டீன் ட்வைலாவை நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். எந்த முகத்தைப் பார்த்தாலும் புன்னகைப்பார். இந்த முகத்தை எங்கோ பார்த்தோமே என்ற சந்தேகத்தின் நிழல்கூட அதில் இல்லை.

"நேர்மைங்கிறது இந்தக் கல்லூரியோட முதுகெலும்பு" என்று ஆரம்பித்தார். முதுகெலும்பில் எத்தனை எலும்பு என்று அவரைக் கேட்டால் தெரியாது. பேச்சு அதுபாட்டுக்கு நேர்மையில் தொடங்கி நம்பிக்கையில் புகுந்து எதிர்காலத்தில் வந்து நின்றது.

கோல்பி பதிவைத் திரையில் ஓடவிட்டான். காரின் உட்புறம், கல்லாய்ச் சமைந்த ட்வைலா, அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் ஒரு வயிறு, கோடு போட்ட டை, ஒரு முகவாய்க்கட்டை, டம்ளர் பிடித்த ஒரு கை. முகவாய்க்கு மேலே கார்க் கூரை வெட்டிவிட்டது. ஒரு ஓசையும் இல்லை.

டீன் முன்னால் சாய்ந்தார். "யாரும்மா இந்த ஆள்?"

ட்வைலா மிஸ் மாஸ்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. ஆளோட பேரச் சொல்லிட்டீங்கன்னா உங்க ஒத்துழைப்பக் கணக்குல எடுத்துப்போம். தண்ணி கொண்டுவந்து குடுத்திருக்காரு, பேசியிருக்காரு. தெரிஞ்சவராத்தானே இருக்கணும்?"

மிஸ் மாஸ்ட் தொண்டையைச் செருமினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ட்வைலா மூன்று ராத்திரி யோசித்திருந்தாள். இப்போது அந்த யோசனையில் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. வாயில் வந்தது வேறு.

"சத்தம் வைக்க முடியுமா?"

"என்னது?" என்றான் கோல்பி.

"படத்துக்குச் சத்தம் இருக்கும்ல தம்பி. வைங்க."

"இருக்கு. அறிக்கைக்கு அது தேவையில்லன்னு நாங்க யாரும் கேக்கறதில்ல."

"வை கோல்பி" என்றாள் திருமதி கிரம், பின்னலிலிருந்து தலை தூக்காமல். "எனக்கும் பொழுது போகும்."

கோல்பி ஒரு பொத்தானைத் தட்டினான். முதலில் கற்கள் ஆடுகிற சத்தம். பிறகு அந்த அறையிலுள்ள எல்லோருக்கும், ஏன், அந்த மாவட்டத்துக்கே பழக்கமான குரல், மணிமணியாக: "வணக்கம்! நான் டாக்டர் ராண்டல் ப்ரூயிட், கல்வித்துறை டீன்."

ஊசிகள் நின்றன.

"இன்னொரு தடவ போடு" என்றாள் திருமதி கிரம். கோல்பி போட்டான். குரல் மறுபடியும் தன் பட்டத்தோடு அறிமுகம் செய்துகொண்டது.

டீன் டையைச் சரிசெய்தார். "அது... அந்த நேரத்துல இவங்க பரீட்சை எழுதுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"பேசினா குத்தம் சார்" என்றாள் ட்வைலா. "டம்ளர் வச்சிருந்தேன். டம்ளர் இருந்தா பரீட்சைன்னு அர்த்தம்."

"அப்படின்னு யார் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் சார். குப்பை லாரிக்காரருக்குக்கூடத் தெரியும்."

அந்தக் கடைசி வரியை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பயத்தில் இருப்பதைச் சொன்னாள். இருந்தாலும் டீனின் காதுகள் சிவந்தன. சிவந்ததை ட்வைலா பார்த்தாள். போச்சு. வெர்ன் சொன்னபடி மன்னிப்பே கேட்டிருக்கலாம்.

"பொது நிறுத்தத்துல உக்காந்து பரீட்சை எழுதுனா இப்படித்தான் ஆகும்" என்றார் டீன், புது வழி கண்டவராக. "மூடின அறையிலதான் எழுதணும்னு விதி இருக்கே. நிறுத்தம் அறை ஆகுமா?"

"திங்கக்கிழம அத வகுப்பறைன்னு சொல்லி ரிப்பன் வெட்டினது யாரு ராண்டல்?" என்றாள் திருமதி கிரம். "நான் டோனட் சாப்பிட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

டீன் பேனாவை எடுத்தார், வைத்தார். கடைசியில், தான் நினைத்ததும் இதுவேதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். "விதிமீறல் எதுவும் இல்லை. 'எதிர்பாராத சுற்றுச்சூழல் இடையூறு' அப்படின்னு எழுதிக்குவோம்."

"உன்னையா சுற்றுச்சூழல்னு எழுதுறது?"

"எழுதுங்க ஆல்த்தியா!"

முதல் தடவையாக மிஸ் மாஸ்ட் பேசினாள், மேசையைப் பார்த்தபடி. "அப்ப மீதிப் பரீட்சை?"

கோல்பி விசைப்பலகையைத் தட்டினான். "விட்ட எடத்துலேர்ந்து திறந்து விடலாம். ஆனா பரீட்சை வாரம் இன்னையோட முடியுது. இப்ப எழுதினாத்தான் உண்டு."

"இப்பவா?" ட்வைலா எழுந்தே விட்டாள். "விடியக்காலைலேர்ந்து நின்னுட்டே இருந்திருக்கேன். புத்தகத்தத் திறந்துகூடப் பாக்கல. திங்கக்கிழம படிச்சதெல்லாம்..."

"நெகிழ்வுத்தன்மைதாம்மா கலப்புக் கல்வியோட அழகு" என்றார் டீன், குரல் மெல்லப் பழைய உயரத்துக்குத் திரும்ப. "இங்கயே எழுதுங்க. நாங்க எல்லாரும் கூடவே இருக்கோம்!"

கோல்பி தன் லேப்டாப்பை அவள் முன் தள்ளினான். மாமியார் விழித்துக்கொண்டது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. ட்வைலா லேப்டாப்பைத் தூக்கி மெல்லச் சுற்றினாள். கேமரா கோல்பியின்மேல் போயிற்று, மிஸ் மாஸ்டின்மேல், கம்பளி நூலின்மேல். டீன்மேல் வந்தபோது அவர் பழக்கத்தில் புன்னகைத்தார். சிவப்புப் பட்டை மின்னியது. 'அறையில் அனுமதியற்ற நபர்கள். உடனே வெளியேறச் சொல்லவும்.'

ட்வைலா அதை வாய்விட்டுப் படிக்கத் தயங்கினாள். திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

திருமதி கிரம் நூலைச் சுருட்டிக்கொண்டு முதலில் எழுந்தாள். கோல்பி, மிஸ் மாஸ்ட். டீன் தன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தார், தனக்கு விதிவிலக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பவரைப் போல. பட்டை மறுபடியும் மின்னியது. எழுந்து போனார்.

கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய மேசைக்கு அவள் ஒருத்தி.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. முதல் கேள்வியைப் படித்தாள். எழுத்துகள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. மறுபடி படித்தாள். சிறுநீரகம். எதிர்பார்த்த கேள்விதான். விடையின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அதையும் விட்டாள். இப்படியே விட்டுக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்?

தாழ்வாரத்தில் டீனின் குரல் கேட்டது. "இதத்தான் நான் அறங்காவலர்கள்கிட்ட..." அது கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. ட்வைலாவின் விரல் விசைமேல் உறைந்தது. திரையின் மூலையிலிருந்த ஒலிக்கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஏறியது. இன்னொரு தடவை பூட்டினால் திறக்க நாள் இல்லை.

"ராண்டல், வாய மூடு" என்று ஒரு கிசுகிசுப்பு. பிறகு அமைதி. கோடு கீழே இறங்கியது.

அவள் மூச்சை விட்டாள். முதியோர் இல்லத்தில் ஒன்பதாம் எண் அறைக் கிழவர் ராத்திரி எழுந்து அலறும்போது அவருக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்: ஒண்ணொண்ணா. இப்ப இது மட்டும். அடுத்த கேள்வி: திடீர் அச்சத்தின்போது இதயத் துடிப்பை விரைவுபடுத்தும் சுரப்பு எது? காதுக்குள் திடும் திடும் என்று அடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் கேட்கிறார்கள். அதைக் குறித்தாள். அதற்கு அடுத்ததையும் குறித்தாள். சிறுநீரகத்துக்குத் திரும்பி வந்தபோது பெயர் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கேள்விகளுக்குக் கடைசிவரை விடை தெரியவில்லை, ஊகித்தாள். ஒன்றை மாற்றினாள், மாற்றியதை மறுபடி மாற்றினாள்.

சமர்ப்பித்தாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தது மிஸ் மாஸ்ட். மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். டீன் உதட்டில் விரல் வைத்தபடி. இனி பேசலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன ஆச்சு?" மிஸ் மாஸ்ட் கிட்டத்தட்டக் கத்தினாள்.

"பி."

"பி-யா? நெஜமாவா?" அவள் ட்வைலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏன் அழறீங்க?"

"அழல மிஸ்" என்றாள் ட்வைலா, சீருடைக் கையால் முகத்தைத் துடைத்தபடி. "இவ்வளவு நேரம் கண்ண சிமிட்டவே இல்ல. எரியுது."